நூற்று அறுபத்தொன்றாவது கட்டி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடமாகச் சமைக்கிறவள் ஓய்ரிக். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எவனைக் கேட்டாலும், அவளுடைய ஆட்டெலும்பு சூப்பைக் குடித்துத்தான் எலும்பு முற்றியது என்பான். தட்டில் மீதி வைத்தால் கரண்டியோடு வந்து பக்கத்தில் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். பிள்ளைகள் பயந்துபோய் வழித்து நக்கிவிடும். ஒருமுறை பள்ளியைச் சோதிக்க வந்த அதிகாரியும் அப்படித்தான் வழித்து நக்கிவிட்டுப் போனார்.

வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். தனியாக மாட்டினால் நாக்கால் நம்மைத் தோலுரித்துவிடுவாள். நாலு பேர் கூடினால்தான் ஊமை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு. நாங்கள் ஒரே வகுப்பு. பன்னிரண்டு வயதில் பள்ளி விழாவில் ஒரு பாட்டை ஒப்பிக்க அவளை மேடை ஏற்றினார்கள். இரண்டு அடி வந்தது. மூன்றாவது வரவில்லை. ஒரு காலுறை கணுக்காலுக்கு இறங்கிக் கிடக்க, கூடத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். நான் ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு சரி. சர்ச்சில் சங்கீதம் பாடும்போதுகூட அவள் உதடு அசையும், சத்தம் வராது.

அவள் கவிதை எழுதுகிறாள் என்பது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். என் மனைவிக்கு. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சிநேகிதிகள். கோடையில் இருட்டவே மறுக்கும் அந்த மாலைகளில் கைகோத்துக்கொண்டு சதுப்பு மேட்டுக்குப் போய்விடுவார்கள். என் மனைவி பாவாடை விளிம்பு நனைய வீடு திரும்புவாள், கண்ணில் தூக்கமும் சிரிப்பும் கலந்திருக்கும்.

"எங்கடி போயிருந்தீங்க?" என்று கேட்பேன்.

"மேயப் போயிருந்தோம்" என்பாள்.

அந்த நடைகளில் ஓய்ரிக் தன் கவிதைகளை அவளுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். மாவுப் பையின் காகிதத்தில் பென்சிலால் எழுதி, கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு வைத்திருந்த கவிதைகள். கூட வாழ்ந்த எனக்கு ஒரு துளி தெரியாது பாருங்கள். என் மனைவி படுக்கையில் விழுந்த பிறகு, அவற்றில் நாலை ஓய்ரிக்குக்குச் சொல்லாமல் நகரத்துக் கலைக்கூடத்துக்குத் தபாலில் போட்டிருக்கிறாள். பிறகு இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஊருக்கு அது புரிந்துவிட்டது, என் காதில் விழும்படி யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஓய்ரிக்கைத் தெருவில் கண்டால் நான் வேலி ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவேன். அந்த முகத்தைப் பார்த்தாலே இன்னொரு முகம் கூட வந்துவிடும். அவளும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

போன வசந்தத்தில் ஸ்கை தீவிலிருந்து ஷீலஸ் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், ஓவியக்காரி, எங்கள் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கை நன்றாகப் பேசுவாள். கலைக்கூடத்தில் ஒரு ஏற்பாடு: கேலிக்கில் எழுதுகிற பன்னிரண்டு பேரையும் ஓவியம், சிற்பம் என்று கைவேலை செய்கிற பன்னிரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிடுவது. ஒருத்தர் கவிதையை மீன்வலையில் நூலால் பின்னியிருந்தார்கள். இன்னொருத்தர் கவிதையைக் கண்ணாடியில் எழுதி, எழுத்துக்குப் பின்னால் கடல் தெரியும்படி ஜன்னலில் நிறுத்தியிருந்தார்கள். உல்யம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். எழுபது வயது, என் பக்கத்து வீடு, சர்ச்சில் சங்கீதத்துக்கு அடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"பாட்டுன்னா காதால கேக்கறதுடா தொர்குல். அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? என் காதுக்குக் கண்ணாடி மாட்டிக்கவா?"

"எனக்கென்னண்ணே தெரியும், ஆடு மேய்க்கறவன்" என்றேன்.

ஷீலஸுக்கு ஜோடியாக விழுந்தது ஓய்ரிக் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஓய்ரிக் போட்ட முதல் நிபந்தனையே அதுதான். தபாலில் போன நாலு கவிதையும் வேண்டாம், புதிதாக ஒன்று எழுதுகிறேன் என்றாளாம். இரண்டாவது நிபந்தனை, அதை மேடையில் படிக்கச் சொல்லக் கூடாது. ஷீலஸ் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னால் எங்களுக்குத் தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் சதுப்பு மேட்டில் ஈரக் கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, தரையில் பரப்பிக் காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போர் போட்டு வைத்துக் குளிர்காலம் முழுக்க எரிக்கிறோம். ஓய்ரிக் மே மாதத்தில் தன் வீட்டு வெட்டுக்கரையில் நூற்று அறுபத்தொரு கட்டி வெட்டினாள். கவிதையில் நூற்று அறுபத்தொரு சொல். கட்டி ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைக் கரண்டிக் காம்பால் கீறினாள். பிறகு அவளும் ஷீலஸும் சொல் கீழே, முதுகு மேலே தெரியும்படி வரிசையாகப் பரப்பினார்கள். காகிதத்தில் இருந்ததை ஓய்ரிக் எரித்துவிட்டாள். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை மதியம் ஊர் முழுவதும் மேட்டுக்கு வரும். காயப்போட்ட கட்டியைப் புரட்டுவது எங்களுக்குக் கைப்பழக்கம். ஆளுக்கு நாலைந்து கட்டியைப் புரட்டுவார்கள், சொல்லைப் படிப்பார்கள், ஷீலஸ் படம் எடுப்பாள். ஓய்ரிக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பாள். வாயைத் திறக்க வேண்டாம்.

அந்தக் கவிதை ஊராருக்காக எழுதியதே அல்ல. ஊரார் புரட்டும்போது நானும் புரட்டுவேன், படிப்பேன் என்பதற்காக. அவளுக்கு என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. நேரில் சொல்ல நான் மூன்று வருடமாக இடம் கொடுக்கவில்லை.

நான் என்ன பார்த்தேன்? ஓய்ரிக் வீட்டில் பத்து வருடமாக எண்ணெய் அடுப்பு. திடீரென்று இந்த வருடம் தனியாளாக மேட்டில் மண் வெட்டுகிறாள். ஜூனில் மண்டியிட்டு என்னமோ செய்துகொண்டிருக்கிறாள். ஆகஸ்டில் எல்லார் வீட்டு மண்ணும் வீடு வந்து போர் ஏறிவிட்டது. செப்டம்பர் கடைசியாகியும் அவளுடையது மட்டும் தரையோடு தரையாக மழையில் கிடக்கிறது. அதுவும் எவ்வளவு? ஒரு வாரத்துக்குக் காணாது.

"பொம்பள தனியா என்ன பண்ணுவா. வாய் திறந்து கேக்கவும் மாட்டா, ரோஷக்காரி" என்றார் உல்யம் அண்ணன்.

"நாம இருக்கறது எதுக்கு?" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குத்தல். என் மனைவி இருந்திருந்தால் ஜூலையிலேயே என் காதைத் திருகி அனுப்பியிருப்பாள்.

எங்கள் ஊரில் உபகாரம் செய்வதும் திருடுவதும் ஒரே மாதிரி, ஆள் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். நன்றி சொல்ல விட்டால் அது உபகாரத்தில் சேராது. வெள்ளிக்கிழமை காலை ஓய்ரிக் பள்ளிக்கூடம் போன பிறகு டிராக்டரைக் கிளப்பினோம். கடைக் கதவில் 'சதுப்பில் ஒரு கவிதை, சனி மதியம்' என்று காகிதம் ஒட்டியிருந்தது எங்களுக்குத் தெரியும். ஸ்கை பெண் மேட்டில் துணி கிணி கட்டித் தொங்கவிடுவாள் என்று நினைத்தோம். யாருக்குத் தோன்றும், தரையில் கிடக்கிற மண்தான் கவிதை என்று?

மேடு முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சுப்புல்லின் கடைசி வெள்ளைக் குஞ்சங்கள் காம்பில்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தன. எங்கேயோ ஒரு பறவை ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பூட்ஸ் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் மேட்டில் வேலை செய்தால் நாம் செய்கிறோமா, யாராவது நம்மைக் கனவு காண்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். எனக்குப் பின்னால் ஒரு நனைந்த பாவாடை உரசி நடக்கிற ஓசை கேட்டதாகத் தோன்றி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"அண்ணே, இதுல என்னமோ கீறல் இருக்கு" என்றேன், ஒரு கட்டியைத் தூக்கி.

"ஆட்டுக் குளம்பு. போடு வண்டியில."

போட்டேன்.

இறக்கிப் பார்த்தால் அவள் வீட்டுப் பக்கச் சுவரில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. இதைப் போர் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆகவே என் போரிலிருந்து ஒரு டிரெய்லர், அண்ணன் போரிலிருந்து ஒரு டிரெய்லர் கொண்டுவந்து எல்லாவற்றையும் கலந்து கொட்டினோம். மழை வழிந்தோட வெளிப்பக்கம் சாய்த்துச் சாய்த்து அடுக்கி, முதுகை வளைத்து மூடி, ஐயோ, அவ்வளவு அழகான போரை நான் என் வீட்டுக்குக்கூடக் கட்டியதில்லை. டிரெய்லரின் மூலையில் ஒரு கட்டி தங்கிவிட்டிருந்தது. கீறல் விழுந்த அதே கட்டி. ஒன்றுக்காகப் போரைக் கலைப்பானேன் என்று என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். போரின் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஒரு கையை அதன்மேல் வைத்தாள். பிறகு நெற்றியையும் வைத்தாள், தோள் குலுங்கியது. நன்றியில் அழுகிறாள், பாவம், என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று அந்தக் கட்டியை அடுப்பில் போட்டுக் காலை நீட்டிச் சூடு காய்ந்தேன். அந்தக் கதகதப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். கனவில் பாவாடை நனைந்த ஒருத்தி வந்து என் காலுக்குப் போர்த்திவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கதவு இடிபட்டது.

"டேய் தொர்குல்! என் போரை யாருடா கட்டினது?"

"யாரோ நல்லவங்க" என்றேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"அந்த நல்லவங்க நாசமாப் போக! அது எரிக்கிற மண்ணு இல்லடா, பாவி!"

பின்னால் ஷீலஸ் நின்றாள், மூக்கு சிவந்திருந்தது. அவள்தான் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். உல்யம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லார்கிட்டயும் இல்லன்னு சொல்லிடு ஷீலஸ்" என்றாள் ஓய்ரிக். "போனது போகட்டும். எனக்கு இது விதிச்சதில்ல. அன்னிக்கு மேடையில பாதியில போச்சு, இன்னிக்கு மேட்டுல போச்சு."

மேடை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலுறை இத்தனை வருடமும் அங்கேயே இறங்கிக் கிடந்திருக்கிறது.

"பிரிச்சுடலாம்" என்றேன். "நாங்கதானே கட்டினோம்? பிரிக்கறோம்."

"ரெண்டாயிரம் கட்டி இருக்கும், அதுல நூத்தி அறுபத்தொண்ணு. பிரிச்சு? வரிசை? எது முன்னால எது பின்னால? உன் ஆடு வந்து சொல்லுமா?"

"அக்கா மனசுல மட்டும்தான் வரிசை இருக்கு" என்றாள் ஷீலஸ். "காகிதமே இல்ல. எங்கிட்ட இருக்கறது வெறும் முதுகுப் படம்."

உல்யம் அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்தார். "சர்ச்சுல என்ன பண்றோம்? நான் ஒரு அடி எடுத்துக் குடுக்கறேன், சனம் பின்னாலயே வாங்கிப் பாடுது. நீ அடி எடுத்துக் குடும்மா. நாங்க தேடி எடுத்து வெக்கறோம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஒருத்தன் மண்ணைத் தொட மாட்டான். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

"நாலு பேர் முன்னாலயா?" ஓய்ரிக் ஒரு எட்டுப் பின்னால் போனாள். "செத்தாலும் மாட்டேன்."

"நான் சிரிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஐம்பது வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. "சிரிச்சியோ, கட்டியாலயே உன் மண்டையைப் பொளந்துடுவேன்" என்றாள்.

மதியம் மேட்டு வாசலுக்கு வந்த நாற்பது பேரையும் ஓய்ரிக் வீட்டு வாசலுக்குத் திருப்பினோம். கட்டிய போரைப் பிரித்தோம். கை கைக்கு மாறி, ஒவ்வொரு கட்டியும் புரட்டப்பட்டது. கீறல் இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பனி மெல்ல மெல்லக் கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள புல்தரையில் ஷீலஸ் வெள்ளைக் கயிறு பிடித்துக் கோடு போட்டாள்.

ஓய்ரிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலையை அவள் விடவே இல்லை. முதல் அடி யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா, அம்மா" என்றார் உல்யம் அண்ணன்.

"பஞ்சுப்புல் பூத்திருக்கிறது, நீ காட்டிய இடத்திலேயே."

நாற்பது பேரும், பழக்க தோஷம், அந்த அடியை வாங்கி மெல்லிய குரலில் திருப்பிச் சொன்னார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேடுகிற கை தேடிக்கொண்டிருந்தது, வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. சிலர் இழுத்தார்கள், சிலர் முந்தினார்கள், சர்ச்சில் நடப்பதுபோலவே. ஓய்ரிக் திகைத்துப்போய்ப் பார்த்தாள். தான் எழுதியது இத்தனை வாயில் புகுந்து வெளியே வருவதை அவள் கேட்டதே இல்லை.

"நான் அடுப்படிக்காரி, எனக்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான்."

"'நான்' ஆறு இருக்கு, எந்த 'நான்' வேணும்?" என்று தபால்காரர் மனைவி கத்தினாள்.

"எந்த நானா இருந்தா என்ன, கொண்டா" என்றாள் ஓய்ரிக். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு கதவு நிலையை விட்டுவிட்டு வாசலுக்கு இறங்கி வந்தாள்.

"உன் கையுறை ஒன்று என் கோட்டுப் பையில் இருக்கிறது. அதன் விரல்கள் என் விரல்களைவிட நீளம்."

என் கையில் இருந்தது 'நீளம்'. எனக்குப் புரிந்துவிட்டது. நீல நிறக் கம்பளிக் கையுறை, ஒன்று தொலைந்துவிட்டது என்று என் மனைவி அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் வீடு முழுக்கத் தேடினாள். நான் அந்தக் கட்டியைக் கயிறு முடிகிற இடத்தில் வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன். யாரும் என்னைப் பார்க்காததுபோல் நடந்துகொண்டார்கள்.

இப்படியே அடி அடியாக, பொழுது போனதே தெரியவில்லை. யாரோ தேநீரும் ஓட் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். மண் கையோடு தின்றோம். புல்லின்மேல் கறுப்பு வரிசைகள் கடலை நோக்கி நீண்டன. சொற்களின் பள்ளத்தில் சாயங்கால வெயில் படுத்துக் கிடந்தது. உல்யம் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "பாக்கறதுக்கும் இருக்கத்தான் செய்யுது" என்று முனகினார்.

"கூப்பிட்டால் கேட்கும்படி காற்றில்லாத ஒரு நாளுக்குக் காத்திருந்தேன்."

வாங்கிச் சொன்னோம். எடுத்து வைத்தோம்.

"இன்று காற்றில்லை. கூப்பிடுகிறேன்."

எடுத்து வைத்தோம். ஷீலஸ் எண்ணினாள். நூற்று அறுபது.

"ஒண்ணு குறையுது அக்கா."

"ஆமா. கடைசி சொல்லு" என்றாள் ஓய்ரிக்.

எல்லாரும் மறுபடி எல்லாக் கட்டிகளையும் புரட்டினார்கள். இல்லை. "என்ன சொல்லுன்னு சொன்னாத்தானேம்மா தேட முடியும்?" என்றார் உல்யம் அண்ணன்.

"அத நான் சொல்ல மாட்டேண்ணே." அவள் என்னைத்தான் பார்த்தாள். "அவன் கையால புரட்டிப் பாக்கட்டும்னுதான் வெட்டினேன்."

டிரெய்லரின் மூலை எனக்கு நினைவுக்கு வந்தது. என் அடுப்பு நினைவுக்கு வந்தது.

"அது என்கிட்ட வந்துச்சு" என்றேன். "எரிச்சுட்டேன் ஓய்ரிக். நேத்து சாயங்காலம். தெரியாம எரிச்சுட்டேன்."

இப்போது இவள் கட்டியை எடுத்து என் மண்டையில் போட வேண்டும், போடட்டும், என்று நின்றேன். அவள் பக்கத்தில் வந்தாள்.

"சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. தூங்கிட்டேன்."

"அப்ப சரி" என்றாள்.

ஷீலஸ் கடைசி வரிசையின் முடிவில் ஒரு கட்டி அளவுக்கு வெறும் புல்லை விட்டிருந்தாள். நான் போய் அங்கே நின்றேன். கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சர்ச்சில் அடி பாதியில் நின்றால் யாரும் உட்கார மாட்டார்கள், எழுந்து நின்றபடி காத்திருப்பார்கள். அப்படித்தான் எல்லாரும் நின்றார்கள். தொண்டை அடைத்தது. விழுங்கினேன். மறுபடி அடைத்தது.

"மர்சலி" என்றேன்.

நாற்பது பேரும் அதை வாங்கித் திருப்பிச் சொன்னார்கள். ஓய்ரிக்கின் குரல்தான் உரக்கக் கேட்டது.